தாள் எத்தனையோ, பதிவு அத்தனை

பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் இரண்டாம் நாளே கேட்டுவிடுகிறார்கள்: “சார், அந்தப் பழைய தாள் எங்கே கிடைக்கும்?” பழைய தாளில் நான் அடித்துச் சுவரில் மாட்டியிருக்கும் மூர் மார்க்கெட் எட்சிங்கைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கேள்வி. தகட்டின் ஓரத்தை ராவத் தெரியாது, மை துடைக்கத் தெரியாது, தாள் மட்டும் வேண்டும். தப்பில்லை, நானும் அப்படித்தான் தொடங்கினேன். நாற்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரைச் செம்பில் கீறிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எண் போட்டு எழுதி வைக்கிறேன். வரிசைக்குப் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை, நினைவு வந்தபடி வருகிறது.

1. தகட்டின் நான்கு ஓரங்களையும் அரம் போட்டுச் சரிவாக ராவுங்கள். மூலைகளை மழுக்குங்கள். பிரஸ்ஸின் உருளைக்கு அடியில் அந்த ஓரம் கத்தியாகிவிடும். நனைந்த தாள் அதைத் தாங்காது, மேலே போடும் ஃபெல்ட் கம்பளியும் தாங்காது. விரலால் தடவிப் பாருங்கள். விரலில் உறுத்தினால் இன்னும் வேலை பாக்கி என்று அர்த்தம். என்னிடம் இருந்த மிக நல்ல பழைய தாள்களில் இரண்டு இப்படித்தான் போயின. படம் பிரமாதமாக விழுந்திருந்தது. தாளைத் தூக்கினேன், நடுப்பகுதி மட்டும் கையோடு வந்தது. சுற்றிலும் இருந்த வெள்ளை ஓரம் சன்னல் சட்டம் மாதிரி பிரஸ்ஸிலேயே கிடந்தது.

2. ஊரை ஊரிலேயே நின்று வரையுங்கள். கைப்பேசியில் படம் பிடித்துவந்து வீட்டு மேசையில் பார்த்துக் கீறினால் கோடு சுத்தமாக இருக்கும், ஆனால் அதில் தெரு இருக்காது.

ஓவியர் விஸ்லர் கதை இதற்குச் சரியான உதாரணம். 1879இல் அவர் லண்டனில் திவாலானார். வீடு போயிற்று. ஒரு கலை விற்பனை நிறுவனம், வெனிஸுக்குப் போய்ப் பன்னிரண்டு எட்சிங் செய்துகொண்டு வாருங்கள் என்று முன்பணம் கொடுத்து அனுப்பியது. மூன்று மாத வேலை என்பது பேச்சு. மனுஷன் பதினான்கு மாதம் அங்கேயே தங்கிவிட்டார். ஆசிட்டைத் தடுக்கும் கிரவுண்ட் பூசிய தகடுகளோடு சந்து சந்தாகத் திரிந்து, ஐம்பதுக்குப் பக்கம் தகடு முடித்தார். அவற்றில் பெரிய மாளிகைகளின் முகப்பு குறைவு. வாசற்படி, அதில் உட்கார்ந்திருக்கும் பெண், நீருக்கு இறங்கும் படி, பிச்சைக்காரர் நிற்கும் இருட்டு வழி, தூரத்தில் ஒரு கோடாகத் தெரியும் கரை. இவற்றைத்தான் தேடித் தேடிப் போட்டிருக்கிறார். ஆகவே முதல் தகட்டிலேயே சென்ட்ரல் ஸ்டேஷன் கோபுரத்தையும் கபாலி கோயில் கோபுரத்தையும் எடுக்காதீர்கள். சௌகார்பேட்டையில் ஒரு மாடிப்படி போதும்.

இன்னொன்று. தகட்டில் நேராக வரைந்தால் பதிவில் இடம் வலமாகும். விஸ்லர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய வெனிஸ் கண்ணாடியில் பார்த்த வெனிஸ். நம் ஊரில் அது அவ்வளவு சுலபம் இல்லை, காரணம் போர்டுகள். என்னுடைய முதல் ஜார்ஜ் டவுன் தகட்டில் ஒரு மெஸ்ஸின் பெயர்ப்பலகையை இருந்தபடியே எழுதிவிட்டேன். பதிவில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். தெருமுனை டீக்கடைக்காரரிடம் பெருமையாகக் காட்டினேன். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். “ஏன் சார், போர்டுக்குப் பின்னாடி நின்னு வரைஞ்சீங்களா?” என்றார். அன்றிலிருந்து எழுத்தை மட்டுமாவது டிரேசிங் தாளில் எழுதித் திருப்பிப் போட்டு மாற்றுகிறேன். மயிலாப்பூர்க் குளத்துக்கு எந்தப் பக்கம் கோபுரம் என்பதையும் பதிவில் மாற விடுவதில்லை. பார்க்கிறவர்கள் விட மாட்டார்கள்.

3. எதை வரைவது என்று கேட்பீர்கள். போகப் போவதை வரையுங்கள் என்பார்கள். பாரிஸில் மெரியோன் அப்படிச் செய்தார் என்று புத்தகங்கள் சொல்லும். கப்பற்படையில் அதிகாரியாக இருந்தவர். நிறக்குருடு. அதனால் வண்ணத்தை விட்டுவிட்டுத் தகட்டுக்கு வந்தார். 1850 முதல் 1854 வரை பழைய பாரிஸின் பாலங்கள், பிணக்கிடங்கு, நோத்ர தாம் கோயிலின் பின்புறம் என்று ஒரு வரிசை முடித்தார். 1853இல் நகர நிர்வாகியாக ஒஸ்மான் வந்து பழைய பாரிஸை இடித்து நேர் சாலைகள் போடத் தொடங்கினார். படங்களுக்கு அப்புறம் வேறொரு கனம் வந்துவிட்டது. ஆனால் அவர் ஆவணக்காரர் அல்ல. ஒரு பாலத்தின் மேல் வானத்தில் பலூனைப் பறக்க விட்டார், பிறகு அதே தகட்டைத் தேய்த்துப் பறவைகளைப் பறக்க விட்டார். தாளிலும் பித்து. லேசான பச்சை ஓடிய தாள் என்றால் அவருக்கு உயிர்.

நம் ஊரைத் தகட்டில் பார்க்க வேண்டுமானால் ஆங்கில ஓவியர்களான டேனியல்கள் இருக்கிறார்கள். மாமன் தாமஸ், மருமகன் வில்லியம் என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. வில்லியம் சகோதரர் மகன். 1792இல் சென்னைக்கு வந்து இறங்கினார்கள். 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியிட்ட 144 அக்வாடிண்ட் அச்சுப்படங்களில் கோட்டையும் கறுப்பர் நகரமும் உண்டு. தொழில் சுத்தம் அபாரம். எனக்கு ஒரே குறை, அந்தத் தெருக்களில் யாருக்கும் வியர்ப்பதில்லை.

நான் மூர் மார்க்கெட்டை எடுத்தது தீர்க்கதரிசனத்தால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பழைய புத்தகம் பார்க்கப் போவேன். அந்தச் சிவப்பு வளைவுகளுக்கு அடியில் நிழல் விழும் விதம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். 1983இல் தொடங்கினேன்.

4. ஆசிட்டைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றும் இல்லை. செம்புக்கு ஃபெரிக் குளோரைடு போதும். விஸ்லர் நைட்ரிக் ஆசிட்டைத் தகட்டின் மேலேயே ஊற்றி, இறகால் அங்கும் இங்கும் தள்ளித் தள்ளி அரிக்க விட்டார் என்று அருகில் இருந்து பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். படிக்க நன்றாக இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டாம், அந்தப் பழுப்புப் புகை நுரையீரலுக்கு ஆகாது. கையுறை போடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், மணி பார்த்து எடுங்கள்.

5. மை துடைப்பதுதான் தொழில். மல் துணியை உருண்டையாகப் பிடித்து வட்டம் வட்டமாகத் துடைக்க வேண்டும். கடைசியில் உள்ளங்கை. கையில் கொஞ்சம் சாக்குப்பொடி தடவிக்கொண்டு, தகட்டின் மேல் உரசியும் உரசாமலும் ஒரு இழுப்பு. வெளிநாட்டுப் புத்தகங்கள் தகட்டைச் சூடுபடுத்தச் சொல்லும். சித்திரையில் சென்னையில் அதற்கு வேலையே இல்லை. மை தானாக இளகித் தொளதொளவென்று வரும், கோட்டுக்குள் இருப்பதையும் துணி வழித்துவிடும். அந்த மாதங்களில் நான் காலை ஆறு மணிக்குப் பிரஸ் போடுவேன், பத்து மணிக்கு நிறுத்திவிடுவேன்.

தகட்டின் மேல் மெல்லிய மைப்படலத்தை விட்டுவைத்தால் இரவும் மூடுபனியும் வரும். வெனிஸின் ராக்காட்சியில் விஸ்லர் அப்படித்தான் செய்தார். ஒரே தகட்டில் ஒரு பதிவு அந்தி, இன்னொரு பதிவு நள்ளிரவு. இளைஞர்களுக்கு இது பிடித்துப்போகும், காரணம் தப்பை மறைக்க இது வசதி. முதலில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாதபடி பத்து பதிவு எடுத்துக் காட்டுங்கள். மூடுபனியை அப்புறம் பார்க்கலாம்.

6. இனி நீங்கள் கேட்ட தாள்.

பழசு என்பதாலேயே தாள் நல்லதாகிவிடாது. ஐரோப்பாவில் ஏறக்குறைய 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை கந்தைத் துணியை ஊறவைத்துக் கூழாக்கித்தான் தாள் செய்தார்கள். சணல்நார்த் துணி, பருத்தித் துணி. நீள நீளமான இழை. காய்ந்த தாளை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையில் முக்கி எடுத்தார்கள். அதனால்தான் பேனா மை ஊறவில்லை. நூறு, இருநூறு வருடத்தில் அந்தப் பசை கொஞ்சம் தளர்ந்திருக்கும். நனைத்தால் தாள் பழைய வேட்டி மாதிரி துவளும். தகட்டின் கோட்டுக்குள் இறங்கி மையை முழுக்க அள்ளிக்கொண்டு வரும். புதுத் தாளில் கறுப்பு மேலே உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். பழைய தாளில் உள்ளிருந்து வருவது போல இருக்கும். விஸ்லர் பழைய டச்சுத் தாளுக்கு அலைந்ததும், பழம்புத்தகங்களின் வெற்றுப் பக்கங்களைத் தேடியதும் இதற்குத்தான்.

பிறகு மரக்கூழ் வந்தது. படிகாரமும் பிசினும் சேர்த்துப் பசை ஏற்றினார்கள். மலிவாகத் தாள் கிடைத்தது, ஆனால் அந்தத் தாள் தனக்குள்ளேயே புளித்துக்கொண்டு கிடக்கிறது. பழுப்பேறி, மடித்தால் அப்பளம் போல நொறுங்கும். 1790ஆம் வருடத் தாள் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். உங்கள் தாத்தாவின் 1940ஆம் வருட நோட்டுப் புத்தகம் கையில் எடுத்தால் உதிரும். ஆகவே பழுப்பு நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள்.

எப்படிப் பார்ப்பது? வெளிச்சத்தில் பிடியுங்கள். கைவேலைப் பழந்தாளாக இருந்தால் நெருக்கமாகக் குறுக்குக் கோடுகளும், அவற்றை வெட்டிக்கொண்டு ஏறக்குறைய ஓர் அங்குலத்துக்கு ஒன்றாக நெடுங்கோடுகளும் தெரியும். கூழை அள்ளிய சல்லடைக் கம்பிகளின் தடம் அது. 1757 வாக்கில் இங்கிலாந்தில் வாட்மேன் ஆலை நெய்த கம்பிவலையில் கோடு தெரியாத தாளையும் கொண்டுவந்தது. அதனால் கோடு இல்லாததெல்லாம் புதுசு என்றும் சொல்ல முடியாது. நீர்க்குறியைத் தேடுங்கள். 1794க்குப் பிறகு பல ஆங்கில ஆலைகள் வரிச் சலுகைக்காக ஆண்டையும் அதில் போட்டன. அந்த வகைத் தாள்தான் கும்பினிக் கப்பல்களில் நம் ஊருக்கு வந்து இறங்கியது.

அடுத்து, ஒரு மூலையைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். நல்ல தாள் கலகலவென்று பேசும், செத்த தாள் தொப்பென்று ஆடும். பிறகு நாக்கு. மூலையை நாக்கில் வைத்தால், பசை போன தாள் ஒட்டிக்கொள்ளும், பசை உள்ள தாள் ஒட்டாது. என் மாணவர் ஒருவர் சுத்த சைவம். ஒரு வாரம் இப்படிச் சோதித்த பிறகுதான் அந்தப் பசை எதிலிருந்து காய்ச்சியது என்று கேட்டார். நான் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. இப்போது எல்லோருக்கும் ஈர விரலை வைக்கச் சொல்கிறேன்.

ஆண்டர்சன் தெருவில் உட்கார்ந்து ‘ஆன்டிக் பேப்பர்’ என்று கேட்டால் கல்யாணப் பத்திரிகைக்கான பழுப்புத் தாளைக் காட்டுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அங்கே அதற்குப் பெயர் அது.

7. எங்கிருந்து எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுதிய பக்கத்தைத் தொடாதீர்கள். புத்தகத்தின் முகப்பு வெற்றுத்தாளைக் கிழிக்காதீர்கள், அது அந்தப் புத்தகத்தின் உடம்பு. எழும்பூர் ஆவணக் காப்பகம் மாதிரி இடங்களில் கிடக்கும் கட்டுகளைப் பார்த்து உங்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும் என்று எனக்குத் தெரியும். போய்ப் பாருங்கள், வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கும்பிட்டுவிட்டு வாருங்கள். நமக்கு உரியது பாதி எழுதி நின்றுபோன பேரேடுகளின் கடைசியில் கிடக்கும் வெற்றுத்தாள்கள். மண்டி மூடும்போது, பழைய வீட்டைப் பிரிக்கும்போது அவை பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகும். அப்போதும் முன்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பாருங்கள். எழுதிய பகுதியைக் கேட்டு வருகிற ஆராய்ச்சிக்காரர் ஒருவர் எங்காவது இருப்பார். நான் மூன்று பேரேடுகளை அப்படிக் கொடுத்திருக்கிறேன்.

கணக்கு எழுதிய பக்கத்தின் மேலேயே கட்டடத்தை அச்சடிப்பது இப்போது பெரிய நாகரிகமாக இருக்கிறது. கையெழுத்தும் முத்திரையும் படத்துக்கு இலவசமாக அழகு கொடுத்துவிடும். எனக்கு அது இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது போலத் தோன்றுகிறது. நீங்கள் மாறுபடலாம்.

8. நனைப்பது. இதில்தான் பழந்தாள் உங்களைப் பரீட்சை வைக்கும். பசை உள்ள தாள் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. தட்டில் போட்டு அரை மணி, சில தாளுக்கு ஒரு மணி. போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள இரும்பு பத்து வருடம் கழித்துத் தாளில் பழுப்புப் புள்ளியாக எழுந்து நிற்கும். கேன் தண்ணீர் பிடியுங்கள். எடுத்து வடியவிட்டு, ஒற்றுத்தாள்களுக்கு நடுவே அடுக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி, மேலே கனம் வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் தாளின் மேல் ஈரம் மினுங்கக் கூடாது. கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், கன்னம் நனையக் கூடாது.

அதே கட்டை மூன்றாம் நாள் திறந்தால் பூஞ்சை. ஐப்பசி மழையில் இரண்டாம் நாளே. என்னுடைய இரண்டு தாள்கள் அப்படிக் கறுப்புப் புள்ளி போட்டுப் போயின. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். பிளாஸ்டிக்கோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். எங்கள் வீட்டில் இட்லி மாவுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே இருநூறு வருடத்துத் தாள் உட்கார்ந்திருந்திருக்கிறது. வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை, மாவுப் பாத்திரத்தின் மேல் வைத்த அன்றைக்குத் தவிர.

நீலக் கோடு போட்ட பேரேடாக இருந்தால் முதலில் ஒரு மூலையை மட்டும் நனைத்துப் பாருங்கள். பிற்காலத்து ரூல் மை தண்ணீரில் கலங்கும். ஒரு முறை என்னுடைய தட்டு முழுவதும் சொட்டு நீலம் போட்டது போல ஆகிவிட்டது.

9. எண். இதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

லிமிடெட் எடிஷன் என்று வாய் கூசாமல் சொல்கிறோம். யார் வைத்த லிமிட்? ஆசிட் இல்லாமல் ஊசியாலேயே கீறும் ட்ரைபாயிண்ட்டில், ஊசி கிளப்பிய செம்புப் பிசிறுதான் அந்தப் பஞ்சு போன்ற கறுப்பைத் தருகிறது. உருளைக்கு அடியில் பத்து, இருபது தடவை போனால் பிசிறு நசுங்கிவிடும். அங்கே எண்ணைச் சொல்வது தகடு. ஆசிட் அரித்த கோடு நூற்றுக்கணக்கில் தாங்கும். அங்கே தகடு ஒன்றும் சொல்லாது, நாமே சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பிரனேசி ரோம் நகரக் காட்சிகளுக்கு எண் போட்டாரா? இல்லை. கேட்கிறவரை அடித்தார், 1778இல் அவர் இறந்த பிறகும் பிள்ளைகள் அடித்தார்கள். பின்னத்தில் எண் போடும் வழக்கம் பரவியது 20ஆம் நூற்றாண்டில். வெனிஸ் வரிசைக்கு விஸ்லர் நூறு நூறு என்று ஒப்புக்கொண்டார், எல்லாம் நானே அடிப்பேன் என்று பிடிவாதமும் பிடித்தார். 1903இல் கண்மூடும்வரை அந்தக் கணக்கு முழுசாகத் தீரவில்லை. பெரிய எண்ணைச் சொல்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

மூர் மார்க்கெட் எட்சிங்குக்கு நான் சொன்னது நாற்பது. மூர் மார்க்கெட்டிலேயே, புத்தகக் கடைக்காரர் ஒருவரிடம், பெரிய அளவில் ஒரு பேரேடு வாங்கினேன். கடைசியில் இருபத்தேழு வெற்றுத்தாள்கள். கோடு, நீர்க்குறி, ஆண்டு எல்லாம் இருந்தது. இதே மாதிரி இன்னொன்று கிடங்கில் கிடக்கிறது, அடுத்த மாதம் எடுத்துத் தருகிறேன் என்றார் அவர். அதை நம்பி, கையில் இல்லாத தாளுக்கும் சேர்த்து நாற்பது என்று அறிவித்துவிட்டேன். ‘முழுவதும் கைவேலைப் பழந்தாளில்’ என்று சீட்டில் வேறு அச்சடித்தேன். இரண்டு தாள் தகட்டின் ஓரம் வெட்டிப் போனது, இரண்டு பூஞ்சையில் போனது. இருபத்துமூன்று மிச்சம். பதின்மூன்றில் எண் போட்டேன், ஒன்றைச் சுவரில் மாட்டிக்கொண்டேன். ஆறு பேர் வாங்கியிருந்தார்கள்.

1985 மே மாதக் கடைசியில் மூர் மார்க்கெட் எரிந்தது. 1900இல் திறந்த கட்டடம். மறுநாள் போய்ப் பார்த்தேன். வளைவுகள் நின்றுகொண்டிருந்தன, அவற்றுக்குள் வானம் தெரிந்தது. கடைக்காரரைக் கண்டுபிடித்தபோது பேரேட்டைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார், “உங்க சரக்கும் அதுலதான் இருந்துச்சு, சார்.”

ஒரு வாரத்துக்குள் தேடி வந்துவிட்டார்கள். இல்லாமல் போன கட்டடத்தின் படம் வேண்டுமாம். படங்களை விற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தவர், பெயர் வேண்டாம், “நாற்பதுன்னு போட்டாச்சு, நாற்பதையும் கொடுத்துடுங்க. மீதிக்கு டீத்தண்ணியில நனைச்சுக்கலாம், யாருக்குத் தெரியப்போகுது?” என்றார். எனக்கும் அப்போது பணமுடை. மூன்று தாளை டிகாஷனில் முக்கிக் காயவைத்தேன். பார்வைக்கு அசலை விடப் பழசாகவே இருந்தது. நல்ல தாள் ஒன்பது கையில் இருந்தும், அந்த மூன்றில் ஒன்றை அச்சடித்துப் பதினான்காம் எண் போட்டு விற்றேன்.

வாங்கியவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்காம் நாள் குடையோடு வந்தார். உட்காரவில்லை. படத்தை உறையிலிருந்து எடுத்து, என் சன்னலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, “கோடு எங்கே?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். பணத்தை எடுத்துக் கொடுத்தேன், எண்ணிப் பார்த்துக்கொண்டார். படத்தை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றையும் கிழித்தேன். தகட்டின் குறுக்கே ஊசியால் இரண்டு கோடு இழுத்தேன். வாங்கியிருந்த ஆறு பேருக்கும், எடிஷன் பதின்மூன்றோடு முடிந்தது, மேலே எழுதியிருக்கும் நாற்பது என் தவறு என்று கடிதம் போட்டேன். இரண்டு பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் தகட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, வந்தும் பார்த்துவிட்டுப் போனார்.

ஆகவே தாளை எண்ணுங்கள். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, ஈர விரல் வைத்து, ஐந்தில் ஒன்று கெட்டுப்போகும் என்று கழித்துவிட்டு, மிச்சம் எத்தனையோ அதை எழுதுங்கள். பதினொன்று என்றால் பதினொன்று. சுற்றி வளைத்து இருபத்தைந்து ஆக்காதீர்கள்.

10. டீ, காப்பி, வெற்றிலைச் சாறு எதிலும் தாளை முக்காதீர்கள். ஒழுக்கத்தை விட்டுவிடுங்கள், தொழில் கணக்கில் பார்த்தாலும் நஷ்டம். சாயம் ஓரத்தில் கூடித் தேங்கும், நம் ஊர் ஈரத்தில் மவுண்ட் அட்டைக்கும் ஏறும்.

11. கீழ் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். இடப்பக்கம் எண், வலப்பக்கம் கையெழுத்து, ஆண்டு. பழந்தாளாக இருந்தால் பின்பக்கம் ஒரு வரி சேருங்கள்: தாள் பழையது, அச்சு இந்த வருடம். இது சும்மா சம்பிரதாயம் இல்லை. பிரனேசியின் பதிவுகளில் எது முந்தியது, எது பிந்தியது என்று நீர்க்குறியைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். ஐம்பது வருடம் கழித்து உங்கள் பெயர் தெரியாத ஒருவர் கையில் உங்கள் படம் இருக்கும். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து 1805 என்று படித்துவிட்டு, அந்தக் காலத்துப் படம் என்று நினைக்க நீங்கள் காரணமாகக் கூடாது. போலி செய்கிறவர்களும் இதே வெற்றுத்தாளைத்தான் தேடுகிறார்கள். கடைக்காரர் உங்களைச் சந்தேகமாகப் பார்த்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

விஸ்லர் பதிவின் ஓரத்தைத் தகட்டு அளவுக்கே வெட்டி, கையெழுத்தாகப் போடும் வண்ணத்துப்பூச்சிக்கு மட்டும் ஒரு நாக்கு விட்டுவைப்பார். ஒரு மாணவி அதே போலச் செய்தாள். ஃபிரேம் கடைக்காரர் நாக்கு பிசிறு என்று நினைத்து நேராக வெட்டிக் கொடுத்துவிட்டார். ஓரம் விடுங்கள், அம்மா.

12. பழந்தாள் கிடைக்கவில்லை என்று வேலையை நிறுத்தாதீர்கள். புதுச்சேரி ஆசிரமத்தின் கைவேலைத் தாள் ஆலை 1959 முதல் நடக்கிறது. பருத்தித் தாள். அங்கே போய் அச்சுக்கு என்று சொல்லி, பசை குறைவானதாகக் கேளுங்கள். என் தகடுகளில் முக்கால்வாசி அந்த மாதிரித் தாளில்தான் பிறந்தன. சொல்லப்போனால் ட்ரைபாயிண்ட்டுக்கு எனக்கு அதுவே மேல்.

13. மூர் மார்க்கெட் பேரேட்டில் ஒன்பது தாள் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அந்தத் தகட்டுக்கு அவை வேண்டாம் என்று விட்டுவிட்டேன், வேறு எதிலும் போடக் கை போகவில்லை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, இனி நான் போட்டு என்ன ஆக வேண்டும்? இந்த மார்கழியில் உங்களில் யார் ஒரே மாதிரி பத்து பதிவு எடுத்துக் காட்டுகிறீர்களோ, அவருக்குத் தருகிறேன். காலை ஆறு மணிக்கு வந்துவிடுங்கள், தாளை முந்தின இரவே நனைத்து வைத்திருப்பேன். தகட்டின் ஓரத்தை ராவிக்கொண்டு வாருங்கள். வாசலிலேயே விரல் வைத்துப் பார்ப்பேன்.